பக்கவாதத்துக்குப் பிறகு மூளையின் ரத்த ஓட்டத்தை ஸ்கேனில் படிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

மூளைத் திசுவுக்குள் ரத்தம் எவ்வளவு ஓடுகிறது என்று அளக்கும் பெர்ஃபியூஷன் ஸ்கேனை எடுத்து முடித்த சில நிமிடங்களில் திரையில் ஒரு படம் வந்துவிடும். மூளையின் ஒரு பக்கம் பச்சை, நடுவில் கொஞ்சம் சிவப்பு, கீழே இரண்டு எண்கள். பார்த்தவுடன் எல்லாம் புரிந்துவிட்டது போல இருக்கும். அங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. அந்த நிறங்கள் ரத்தம் ஓடுவதைப் பிடித்த போட்டோ அல்ல. ஊசியில் போட்ட மருந்து மூளைக்குள் எப்போது வந்தது, எப்போது வெளியேறியது என்பதை வைத்து மென்பொருள் போட்ட கணக்கு. உள்ளே போன தகவல் கெட்டிருந்தால் வெளியே வரும் நிறமும் பொய் சொல்லும். ஆனால் படத்தின் அழகு துளியும் குறையாது.

ரேடியாலஜி, நரம்பியல் பயிற்சியில் இருக்கும் மருத்துவர்களையும் ஸ்கேன் டெக்னீஷியன்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். வீட்டில் ஒருவருக்குப் பக்கவாதம் வந்து, ரிப்போர்ட்டில் இருக்கும் சொற்களுக்கு அர்த்தம் தேடுகிறவர்களும் படிக்கலாம். சிகிச்சை முடிவை மட்டும் கூட இருக்கும் மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

எதை அளக்கிறோம்?

மூளை உடல் எடையில் 2 சதவீதம்தான். ஆனால் ஓய்வில் உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதம் அதற்கே போகிறது. கையிருப்பு என்று அதனிடம் எதுவும் கிடையாது. வந்துகொண்டே இருக்க வேண்டும். 100 கிராம் மூளைத் திசுவுக்கு நிமிடத்துக்குச் சராசரியாக 50 மி.லி. ரத்தம் போகிறது. சாம்பல் நிறப் பகுதிக்கு இதைவிட அதிகம், வெள்ளைப் பகுதிக்குப் பாதிக்கும் குறைவு.

தமனி அடைபட்டதும் இந்த அளவு இறங்க ஆரம்பிக்கும். சுமார் 20-க்குக் கீழே போனால் நியூரான்கள் மின் சமிக்ஞை அனுப்புவதை நிறுத்திக்கொள்ளும். கை விழுந்துவிடும், பேச்சு குழறும், ஆனால் செல் இன்னும் சாகவில்லை. சுமார் 10-க்குக் கீழே போனால் செல் சவ்வில் இருக்கும் அயனி பம்புகளே நின்றுவிடும். தண்ணீர் உள்ளே புகுந்து செல் வீங்கிச் சாகும். இந்த இரண்டுக்கும் நடுவே வேலை செய்யாமல், ஆனால் உயிரோடு இருக்கும் திசுவுக்குத்தான் பெனும்ப்ரா என்று பெயர். கிரகணத்தில் கருநிழலைச் சுற்றி மங்கலாகத் தெரியும் புறநிழலுக்கான சொல் அது. ஆஸ்ட்ருப், சீஸ்யோ, சைமன் ஆகிய மூவரும் 1981-ல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்தக் கருத்து நிலைபெற்றது. ஏற்கெனவே இறந்துபோன நடுப்பகுதியை ‘கோர்’ என்பார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள்: 20, 10 என்பவை நேரத்தோடு சேர்ந்த எண்கள். நிமிடத்துக்கு 15 மி.லி. கிடைக்கும் திசு கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும், நாள் முழுக்கத் தாக்குப்பிடிக்காது. ஸ்கேன் காட்டுவது ஒரே ஒரு கணம்.

படி 1: கேள்வியை முதலில் முடிவு செய்யுங்கள்

பெர்ஃபியூஷன் எல்லோருக்கும் தேவையில்லை. பெரிய தமனி அடைபட்ட ஒரு சராசரிப் பக்கவாதத்தில் நிமிடத்துக்கு 19 லட்சம் நியூரான்கள் அழிகின்றன என்று ஜெஃப்ரி சேவர் 2006-ல் கணக்கிட்டுக் காட்டினார். தேவையில்லாத ஸ்கேனுக்கான விலை அந்தக் கணக்கில்தான் ஏறுகிறது.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது, நோயாளி கடைசியாக நன்றாக இருந்ததைப் பார்த்தது எப்போது என்பது. ‘எப்போது விழுந்தார்’ என்ற கேள்வி போதாது. தூங்கி எழும்போதே கை கால் வராமல் இருந்தவருக்கு, கடிகாரம் ஓட ஆரம்பித்தது அவர் படுக்கப் போன நேரத்தில்.

6 மணி நேரத்துக்குள் வந்திருக்கிறார், பெரிய தமனி அடைப்பு தெரிகிறது, சாதாரண சிடியில் பெரிய சேதம் இல்லை என்றால், பெர்ஃபியூஷனுக்காகக் காத்திருக்காமல் ரத்தக் கட்டியை எடுக்கப் போகலாம். 2015-ல் த்ராம்பெக்டமியின், அதாவது குழாய் வழியாகக் கட்டியை எடுப்பதன், பலனை முதலில் நிரூபித்த எம்ஆர் கிளீன் ஆய்வு பெர்ஃபியூஷனைக் கட்டாயமாக்கவில்லை. 6 மணி நேரம் தாண்டியவர்களிடம்தான் அதன் மதிப்பு கூடுகிறது. 2018-ல் வெளிவந்த டான் ஆய்வு 24 மணி நேரம் வரையிலும், டிஃப்யூஸ் 3 ஆய்வு 16 மணி நேரம் வரையிலும் வந்தவர்களைப் படத்தை வைத்துத் தேர்ந்தெடுத்தன. டிஃப்யூஸ் 3-ல் கட்டியை எடுத்தவர்களில் 45 சதவீதம் பேர் 90 நாளில் பிறர் உதவியின்றி வாழும் நிலைக்கு வந்தார்கள். மருந்து மட்டும் பெற்றவர்களில் 17 சதவீதம். கடிகாரத்தை மட்டும் பார்த்திருந்தால் இவர்கள் எல்லோரும் ‘நேரம் தாண்டிவிட்டது’ என்று திருப்பி அனுப்பப்பட்டிருப்பார்கள். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கும் இதே போல 2019-ல் எக்ஸ்டெண்ட் ஆய்வு, பெர்ஃபியூஷன் படத்தை வைத்து 9 மணி நேரம் வரை வாசலைத் திறந்தது.

படி 2: சாதாரண சிடியை அவசரப்பட்டுத் தாண்டாதீர்கள்

கான்ட்ராஸ்ட் (குழாய்கள் பளிச்சென்று தெரிய ஊசியில் போடும் மருந்து) இல்லாத சிடி முதலில் சொல்வது ரத்தக் கசிவு இருக்கிறதா என்பதை. புதிய கசிவு வெள்ளையாகத் தெரியும். அது இருந்தால் இந்த வழி முழுவதும் மாறிவிடும்.

கசிவு இல்லை என்றதும் பலர் அடுத்த படத்துக்கு ஓடிவிடுகிறார்கள். கொஞ்சம் நில்லுங்கள். படத்தின் கறுப்பு வெள்ளை வீச்சைத் தீர்மானிக்கும் விண்டோவை 40, லெவலை 40 என்று குறுக்கிவைத்து, இன்சுலாவின் (மூளையின் பக்கவாட்டு மடிப்புக்குள் மறைந்திருக்கும் பகுதி) விளிம்பு மங்கியிருக்கிறதா, மூளையின் ஆழத்தில் இருக்கும் லென்டிஃபார்ம் உட்கருவின் எல்லை கரைந்திருக்கிறதா, எம்சிஏ என்று சுருக்கிச் சொல்லும் நடுப் பெருமூளைத் தமனி ஒரு பக்கம் மட்டும் அடர்த்தியான வெள்ளைக் கோடாக நிற்கிறதா என்று பாருங்கள். ஆஸ்பெக்ட்ஸ் மதிப்பெண் இதற்குத்தான்: அந்தத் தமனியின் பரப்பைப் பத்துப் பகுதிகளாகப் பிரித்து, சேதம் தெரியும் ஒவ்வொரு பகுதிக்கும் 10-லிருந்து ஒன்றைக் கழிக்க வேண்டும். இந்த எண்ணை எழுதி வையுங்கள். பின்னால் நிறப்படம் பொய் சொன்னால் காட்டிக்கொடுக்கப் போவது இதுதான்.

படி 3: குழாய்களைப் பாருங்கள்

சிடி ஆஞ்சியோ: நெஞ்சில் பெருந்தமனி வளைவில் தொடங்கி உச்சந்தலை வரை. அடைப்பு எங்கே, அதற்கு அப்பால் மாற்றுவழிக் கிளைகள் எவ்வளவு நிரம்புகின்றன என்று இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று கட்டமாக எடுத்தால் தாமதமாக நிரம்பும் கிளைகளும் தெரியும். கழுத்துக் கரோட்டிட் தமனியில் பழைய குறுக்கம் இருந்தால் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். படி 8-ல் அது திரும்ப வரும்.

சிறுநீரக நோய் இருந்த வரலாறு இல்லாதவர்களில், பெரிய தமனி அடைப்பு என்ற சந்தேகம் வலுவாக இருந்தால், கிரியாட்டினின் ரிசல்ட்டுக்காக இந்த ஸ்கேனைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

படி 4: பெர்ஃபியூஷன் எடுப்பது

படத்தின் தரத்தைப் பாதி தீர்மானிப்பது டெக்னீஷியனின் கைதான். முழங்கை மடிப்பில் 18 அல்லது 20 கேஜ் ஊசி. முடிந்தால் வலது கை. இடது கையில் போட்டால் மருந்து மார்புக்குள் நீளமான சிரை வழியாகச் சுற்றி வர வேண்டும். சிலருக்குக் கழுத்துச் சிரைக்குள் பின்னோக்கியும் ஏறிவிடும். 40 முதல் 50 மி.லி. அயோடின் மருந்து, வினாடிக்கு 4 முதல் 6 மி.லி. வேகம், பின்னாலேயே சலைன். மருந்து ஒரு பொட்டலம் போல ஒன்றாகப் போய்ச் சேர வேண்டும். இழுத்து இழுத்துப் போனால் கணக்கு கலங்கும்.

ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படம் எடுக்கிறோம் என்பதால் கதிர்வீச்சு கூடும். அதனால் 70 அல்லது 80 கிலோவோல்ட்டில் எடுப்பது வழக்கம். குறைந்த வோல்ட்டில் அயோடின் இன்னும் பளிச்சென்று தெரியும், ஆகவே இதில் இழப்பும் இல்லை. இந்த அமைப்பை ‘யாரோ ஏற்கெனவே சரியாக வைத்திருப்பார்கள்’ என்று நம்பிவிடக் கூடாது. 2009-ல் அமெரிக்காவில் ஒரு மருத்துவமனையில் மூளை பெர்ஃபியூஷன் ஸ்கேன் எடுத்த 200-க்கும் மேற்பட்டவர்களுக்கு, எதிர்பார்த்ததைப் போலச் சுமார் 8 மடங்கு கதிர்வீச்சு போனது தெரியவந்தது. சிலருக்கு முடி கொட்டிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. ஸ்கேனுக்கு முன் திரையில் காட்டும் டோஸ் எண்ணைப் பார்க்கும் பழக்கம் இருந்தால் இது நேராது.

மருந்து மூளைக்கு வருவதற்குச் சில வினாடிகள் முன்பே படம் எடுக்க ஆரம்பியுங்கள். அந்த வெறும் படம்தான் அடிக்கோடு, பின்னால் வருவதை ஒப்பிடும் தொடக்க அளவு. மொத்தம் 60 முதல் 75 வினாடி. இதயம் பலவீனமானவர் என்று தெரிந்தால் நேரத்தை நீட்டுங்கள். தலையைப் பட்டை போட்டு நிறுத்துங்கள். பேச்சு புரியாத நோயாளியிடம் ‘அசையாதீங்க’ என்று சொல்லிப் பயனில்லை.

படி 5: நிறத்துக்கு முன் வளைகோடு

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ஒவ்வொரு மென்பொருளும் எங்கோ ஒரு மூலையில் இரண்டு வளைகோடுகளைக் காட்டும். ஒன்று தமனிக்குள் மருந்து வந்து போன கதை, இன்னொன்று பெரிய சிரையில் அது வெளியேறிய கதை. பெரும்பாலோர் அதைத் திறப்பதே இல்லை. தமனி வளைகோடு சீக்கிரம் எழுந்து, கூர்மையாக உயர்ந்து, சட்டென்று இறங்க வேண்டும். சிரை வளைகோடு சில வினாடிகள் தாமதமாக வந்து, அதைவிட உயரமாகவும் அகலமாகவும் இருக்க வேண்டும். உயரம் ஏன் கூட? மூளைத் தமனி மெல்லியது, ஒரு பிக்சலுக்குள் முழுதாக அடங்காது, பக்கத்துத் திசுவோடு கலந்து அதன் அளவு குறைந்து தெரியும். உச்சந்தலைச் சிரைக் குழாய் அகலமானது, அதனால் உண்மையான அளவைக் காட்டும். மென்பொருள் தமனியின் எண்ணைச் சிரையை வைத்துத்தான் திருத்திக்கொள்கிறது.

நான் பார்க்கும் வரிசை இது. முதலில், எழுவதற்கு முன் தட்டையான ஒரு பகுதி இருக்கிறதா? இல்லையென்றால் ஸ்கேன் தாமதமாக ஆரம்பித்திருக்கிறது. அடுத்து, இரண்டு கோடுகளும் கடைசியில் கிட்டத்தட்ட அடிக்கோட்டுக்கு இறங்கிவிட்டனவா? சிரைக் கோடு இன்னும் மேலேயே இருக்கும்போது படம் நின்றுபோயிருந்தால், மருந்து முழுவதும் வெளியேறுமுன் கணக்கை மூடிவிட்டோம் என்று அர்த்தம். தாமதமாக ரத்தம் வரும் பகுதியில்தான் இந்தக் குறை அதிகம் அடிக்கும். அங்கே ரத்த அளவு உண்மையைவிடக் குறைவாகத் தெரிந்து, உயிரோடு இருக்கும் திசு இறந்தது போலக் காட்டப்படலாம். அப்புறம், கோட்டில் திடீர் முட்கள் இருக்கின்றனவா? அது தலை அசைந்த கணம். கடைசியாக, தமனி என்று மென்பொருள் பிடித்த புள்ளி உண்மையிலேயே தமனியின் மேல்தான் இருக்கிறதா என்று படத்தில் போய்ப் பாருங்கள். அடைபட்ட தமனிக்கு அப்பால் உள்ள ஒரு கிளையை அது பிடித்திருந்தால், தாமதமே அங்கே வழக்கமாகிவிடும். நோய் பாதி மறைந்துபோகும்.

இதெல்லாம் செய்ய அரை நிமிடம்கூட ஆகாது.

படி 6: நான்கு வரைபடங்கள்

ரத்த ஓட்டம் என்பது 100 கிராம் திசுவுக்கு நிமிடத்துக்கு எத்தனை மி.லி. போகிறது என்பது; ரத்த அளவு என்பது ஒரு கணத்தில் அதே திசுவின் குழாய்களுக்குள் எத்தனை மி.லி. நிற்கிறது என்பது; சராசரிக் கடப்பு நேரம் என்பது ஒரு துளி ரத்தம் உள்ளே வந்து வெளியேற எடுக்கும் வினாடி. இந்த மூன்றையும் கட்டும் விதி எளிது: ரத்த அளவை ஓட்டத்தால் வகுத்தால் கடப்பு நேரம். சிடியில் எடுத்த தொடர் படங்களை வைத்து மூளை ரத்த ஓட்டத்தைக் கணக்கிட முடியும் என்று லியோன் ஆக்சல் 1980-லேயே எழுதியதற்கும் அடிப்படை இந்த வகுத்தல்தான். இயந்திரங்கள் அந்த வேகத்துக்கு வரத்தான் காலம் பிடித்தது.

எண்களைப் போட்டுப் பார்த்தால் புரிந்துவிடும். விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள் இவை. நல்ல திசுவில் ரத்த அளவு 4 மி.லி., ஓட்டம் நிமிடத்துக்கு 60 மி.லி. என்று வைப்போம். 4-ஐ 60-ஆல் வகுத்தால் ஒரு நிமிடத்தில் பதினைந்தில் ஒரு பங்கு, அதாவது 4 வினாடி. இப்போது தமனி அடைபட்டது. ஓட்டம் 20-க்கு இறங்குகிறது. மூளை சும்மா இருக்காது. சிறு குழாய்களை விரித்துக்கொண்டு ரத்த அளவை 5-க்கு ஏற்றிக்கொள்கிறது. 5-ஐ 20-ஆல் வகுத்தால் 15 வினாடி. இது பெனும்ப்ரா: ஓட்டம் குறைவு, அளவு சரியாகவோ அதிகமாகவோ இருக்கும், நேரம் நீளம். இன்னும் உள்ளே, ஓட்டம் 6, குழாய்களை விரிக்கும் சக்தியும் போய் அளவு 1. வகுத்தால் 10 வினாடி.

கடைசி இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இறந்துகொண்டிருக்கும் திசுவின் கடப்பு நேரம், காப்பாற்றக்கூடிய திசுவின் நேரத்தைவிடக் குறைவாகவே வந்திருக்கிறது. நேர வரைபடத்தை மட்டும் பார்த்து ‘எங்கே மோசமோ அங்கே நேரம் அதிகம்’ என்று முடிவு செய்கிறவர் இங்கேதான் வழுக்குவார். எங்கே கோளாறு என்று நேர வரைபடம் சொல்லும். எவ்வளவு கோளாறு என்பதற்கு ஓட்டத்தையும் அளவையும்தான் கேட்க வேண்டும்.

நான்காவது டிமேக்ஸ். மருந்து தமனிக்கு வந்த நேரத்தைக் கணக்கில் நீக்கிய பிறகு, திசுவின் பதில் உச்சத்தைத் தொட எடுக்கும் தாமதம். நடைமுறையில் ‘இந்தத் திசுவுக்கு ரத்தம் நேர் வழியில் வருகிறதா, சுற்று வழியில் வருகிறதா’ என்பதை இது காட்டுகிறது.

படி 7: எண்களை எடுப்பது

இன்று அதிகம் புழங்கும் வரையறைகள்: நல்ல பகுதியோடு ஒப்பிட்டால் ஓட்டம் 30 சதவீதத்துக்கும் குறைந்த திசு கோர், டிமேக்ஸ் 6 வினாடியைத் தாண்டிய மொத்தப் பரப்பும் ஆபத்தில் இருக்கும் பகுதி. பின்னதிலிருந்து முன்னதைக் கழித்தால் பெனும்ப்ரா.

கோர் 22 மி.லி., டிமேக்ஸ் 6-க்கு மேல் 110 மி.லி. என்று வந்தால், வித்தியாசம் 88, விகிதம் 5. டிஃப்யூஸ் 3 கேட்டது கோர் 70-க்குக் கீழே, விகிதம் 1.8 அல்லது அதற்கு மேல், பெனும்ப்ரா குறைந்தது 15 மி.லி.; இவர் தாராளமாகத் தேறுகிறார். எக்ஸ்டெண்ட் ஊசி ஆய்வில் விகிதம் 1.2-க்கு மேல், வித்தியாசம் 10 மி.லி.-க்கு மேல், கோர் 70-க்குக் கீழே என்று இருந்தது.

இன்னொரு எண்ணும் எனக்குப் பிடிக்கும். டிமேக்ஸ் 10 வினாடியைத் தாண்டிய பரப்பை 6 வினாடியைத் தாண்டிய பரப்பால் வகுப்பது. மேலே சொன்னவருக்கு முன்னது 33 என்றால் விகிதம் 0.3. சுமார் 0.4-க்குக் கீழே இருந்தால் மாற்றுவழிக் கிளைகள் நன்றாகத் தாங்குகின்றன என்று எடுத்துக்கொள்ளலாம். வேறு ஊருக்கு ஆம்புலன்ஸில் அனுப்ப வேண்டிய நோயாளிக்கு, போய்ச் சேரும் வரை மூளை தாங்குமா என்று யோசிக்க இது உதவும்.

70 மி.லி. என்ற கோட்டைச் சுவராக நினைக்காதீர்கள். 2022-ல் ரெஸ்க்யூ ஜப்பான் லிமிட், 2023-ல் செலக்ட் 2, ஏஞ்சல் ஆஸ்பெக்ட் ஆய்வுகள், பெரிய கோர் உள்ளவர்களிலும் கட்டியை எடுப்பது பலன் தருவதைக் காட்டின. ‘கோர் பெரிது, ஆகவே ஒன்றும் செய்ய வேண்டாம்’ என்று எண்ணை வைத்து மட்டும் எழுதிய காலம் போய்விட்டது.

படி 8: படம் ஏமாற்றும் இடங்கள்

எனக்கு நன்றாக நினைவிருக்கும் ஒரு இரவு. பேச்சு வராத நோயாளி. திரையில் கோர் 0, பெனும்ப்ரா 0. பக்கவாதம் இல்லை என்று நான் சொல்ல வாயெடுத்துவிட்டேன். பக்கத்தில் இருந்த மூத்தவர் ஒன்றும் பேசாமல் சாதாரண சிடியைத் திறந்து இன்சுலாவைச் சுட்டினார், தெளிவாகக் கறுத்திருந்தது. ரத்தக் கட்டி தானாகவே கரைந்து, இறந்த திசுவுக்குள் ரத்தம் திரும்ப வந்துவிட்டது. ஓட்டம் சரியாக இருந்ததால் மென்பொருளுக்கு நோயே தெரியவில்லை. ஓட்டம் திரும்பிவிட்டது என்பதால் திசு பிழைத்துவிட்டது என்று ஆகாது.

இதற்கு நேர் எதிரானதும் உண்டு. அடைப்பு ஏற்பட்டு ஓரிரு மணி நேரத்துக்குள் ஸ்கேன் எடுத்தால், கோர் என்று சிவப்பில் வரும் பகுதி இன்னும் சாகாமல் இருக்கலாம்; உடனே குழாயைத் திறந்தால் மறுநாள் எம்ஆர்ஐயில் அது நல்ல திசுவாகவே தெரியும். இதை ‘பேய்க் கோர்’ என்பார்கள்.

கரோட்டிட் பழைய குறுக்கம்: ரத்தம் எப்போதுமே சுற்று வழியில் வந்து பழகிய அந்தப் பக்கம் முழுவதும் டிமேக்ஸ் நீண்டு காட்டும், ஓட்டமும் அளவும் ஏறக்குறைய சரியாகவே இருக்கும். படி 3-ல் எழுதி வைக்கச் சொன்னது இதற்குத்தான். இதயம் பலவீனமானவர்களிலும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத் துடிப்பு ஒழுங்கு தப்புவது) உள்ளவர்களிலும் இரண்டு பக்கமும் டிமேக்ஸ் நீளலாம். பழைய பக்கவாதத்தின் வடு கோர் போல வேஷம் போடும். சாதாரண சிடியில் அந்த இடம் நன்றாகக் கறுத்துச் சுருங்கியிருப்பதைப் பார்த்தால் தெளிந்துவிடும். வலிப்பு வந்து ஓய்ந்தவர்களிலும், ஆராவோடு (பார்வையில் ஒளி மின்னுவது போன்ற முன்னறிகுறி) வரும் மைக்ரேனிலும் ஓட்டம் குறையலாம்; ஆனால் அந்த எல்லை ஒரு தமனியின் பரப்போடு பொருந்தாது. வரைபடத்தில் நிறம் தமனியின் எல்லையை மதிக்கவில்லை என்றால் சந்தேகப்படுங்கள்.

தலை சாய்ந்து படுத்திருந்தால் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் வெட்டப்படாமல் வித்தியாசம் இருப்பது போலத் தோன்றும். மூளையின் ஆழத்தில் வரும் சிறு லாகுனார் பக்கவாதங்களும், எலும்பு நிழல் விழும் மூளைத் தண்டுப் பகுதியும் சிடி பெர்ஃபியூஷனில் பெரும்பாலும் சிக்காது. படத்துக்குள் முழு மூளையும் வராத பழைய இயந்திரங்களில் நோய் கட்டத்துக்கு வெளியேகூட நிற்கலாம்.

படி 9: சொல்வதும் எழுதுவதும்

முதலில் போன். டைப் செய்வது அப்புறம். போனில் சொல்ல வேண்டியது நான்கே வாக்கியம்: கசிவு இல்லை, அடைப்பு இந்த இடத்தில், ஆஸ்பெக்ட்ஸ் இவ்வளவு, கோரும் பெனும்ப்ராவும் இவ்வளவு. எழுதும்போது இப்படி:

‘கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து 9 மணி நேரம். ரத்தக் கசிவு இல்லை. ஆஸ்பெக்ட்ஸ் 8. இடது எம்சிஏவின் முதல் பகுதியில் அடைப்பு, கழுத்துக் கரோட்டிட்டில் குறுக்கம் இல்லை. மாற்றுவழிக் கிளைகள் நன்று. பெர்ஃபியூஷன் தரம் ஏற்கத்தக்கது. வளைகோடுகள் முழுமை, அசைவு இல்லை. மதிப்பிடப்பட்ட கோர் 22 மி.லி., டிமேக்ஸ் 6-க்கு மேல் 110 மி.லி., விகிதம் 5.’

‘மதிப்பிடப்பட்ட’ என்ற சொல்லையும், தரம் பற்றிய வரியையும் விட்டுவிடாதீர்கள். தரம் கெட்டிருந்தால் எண்ணையே எழுதாமல், ஏன் எழுதவில்லை என்று சொல்வது மேல்.

எம்ஆர்ஐ வழியில் போனால்

எம்ஆர்ஐயின் பலம் டிஃப்யூஷன் படம். செல் வீங்கியதும் தண்ணீர் மூலக்கூறுகளின் அசைவு தடைபடும். அடைப்பு ஏற்பட்ட சில நிமிடங்களிலேயே இது பிரகாசமாகத் தெரிய ஆரம்பிக்கும். கூடவே தண்ணீரின் அசைவை எண்ணாக அளந்து காட்டும் ஏடிசி படத்தில் அதே இடம் கறுத்திருக்க வேண்டும். கோரை அளக்க இது சிடியைவிட நம்பகமானது. டிஃப்யூஷனில் பளிச்சென்று இருந்து, சேதம் சில மணி நேரம் கழித்தே தெரிய ஆரம்பிக்கும் ஃபிளேர் என்ற எம்ஆர்ஐ படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்றால், அடைப்பு ஏற்பட்டு பெரும்பாலும் 4.5 மணி நேரத்துக்குள்தான் இருக்கும். தூங்கி எழும்போதே பக்கவாதத்தோடு எழுந்தவர்களுக்கு ஊசி போடலாமா என்று முடிவு செய்ய, 2018-ல் வேக் அப் ஆய்வு இந்த வித்தியாசத்தைத்தான் பயன்படுத்தியது. பின்பக்க மூளையின் சிறு பக்கவாதங்கள் முதல் சில மணி நேரத்தில் டிஃப்யூஷனிலும் தப்பிவிடக்கூடும். நோயாளியின் அறிகுறி வலுவாக இருந்தால் படத்தை நம்பி வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

ஓட்டத்தை அளக்க இரண்டு வழி. காடோலினியம் மருந்தை வேகமாகச் செலுத்தி, அது கடக்கும்போது சிக்னல் விழுவதைப் பதிவு செய்வது ஒன்று. சிடியில் மருந்து வந்தால் கோடு ஏறும், இங்கே இறங்கும். மற்றபடி அதே கணக்கு, அதே டிமேக்ஸ் 6. இன்னொன்று ஏஎஸ்எல்: ஊசி மருந்தே கிடையாது. கழுத்தில் ஓடும் ரத்தத்தின் தண்ணீரைக் காந்தத்தால் அடையாளமிட்டு, அது மூளைக்கு வந்து சேரச் சுமார் 2 வினாடி காத்திருந்து படம் எடுப்பது. சிறுநீரகம் கெட்டவர்களுக்கும், திரும்பத் திரும்ப எடுக்க வேண்டியவர்களுக்கும் அருமையானது. ஆனால் அந்த அடையாளம் சில வினாடிகளில் அழிந்துவிடும். ரத்தம் சுற்று வழியில் மெதுவாக வந்தால் திசுவுக்குச் சேர்வதற்குள் படம் எடுத்து முடிந்திருக்கும். ஓட்டம் இருந்தும் ‘இல்லை’ என்று காட்டும். அந்த இடத்தின் ஓரத்தில் தமனிக்குள் பிரகாசமான கோடுகளோ புள்ளிகளோ நின்றால், அடையாளமிட்ட ரத்தம் இன்னும் வழியில் இருக்கிறது என்று அர்த்தம். மாற்றுவழிகள் வேலை செய்கின்றன என்பதற்கும் அது சாட்சி.

குழாயைத் திறந்த பிறகு

ஆஞ்சியோவில் எவ்வளவு திறந்தது என்பதை டிக்கி மதிப்பெண்ணில் சொல்வார்கள்: 2பி என்றால் அடைபட்ட பரப்பில் பாதி அல்லது அதற்கு மேல் நிரம்பிவிட்டது, 3 என்றால் முழுவதும். பெரிய குழாய் திறந்தும் நுண்குழாய்களில் ரத்தம் ஏறாமல் போவது உண்டு. குழாய் திறந்த நோயாளி முன்னேறவில்லை என்றால் மறுபடி பெர்ஃபியூஷன் எடுத்துப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது.

ஊசி போட்டவருக்கு 24 மணி நேரத்தில் ஒரு சிடி அல்லது எம்ஆர்ஐ எடுத்து, கசிவு இல்லை என்று பார்த்த பிறகே ஆஸ்பிரின் போன்றவற்றைத் தொடங்குவது வழக்கம். த்ராம்பெக்டமி முடிந்த உடனே எடுக்கும் சிடியில் வெள்ளையாகத் தெரிவது ரத்தமாகவும் இருக்கலாம், கசிந்த கான்ட்ராஸ்ட்டாகவும் இருக்கலாம். இரண்டு எக்ஸ்ரே ஆற்றலில் எடுக்கும் இரட்டை ஆற்றல் சிடி இருந்தால் அங்கேயே பிரித்துவிடலாம். இல்லையென்றால் 24 மணி நேரம் கழித்து மறுபடி எடுத்துப் பாருங்கள். கான்ட்ராஸ்ட் பெரும்பாலும் மறைந்திருக்கும், ரத்தம் நிற்கும்.

அதிகமான ஓட்டமும் தொந்தரவுதான். நாட்பட்ட கரோட்டிட் குறுக்கத்தைச் சரிசெய்த பிறகு, விரிந்தே பழகிய குழாய்களுக்குள் ரத்தம் பாய்ந்து, ஓட்டம் முன்பிருந்ததைவிட இரட்டிப்புக்கு மேல் போகலாம். தலைவலி, வலிப்பு, ரத்த அழுத்தம் ஏறுதல் என்று வந்தால் ஏஎஸ்எல் படத்தில் அந்தப் பக்கம் ஒளிர்கிறதா என்று பாருங்கள். முதல் வாரம், இரண்டாம் வாரத்தில் இறந்த திசுவுக்குள்ளேயே ஓட்டம் தேவைக்கு மேல் இருப்பதும் சகஜம். நீல்ஸ் லாசன் 1966-ல் இதற்கு ‘ஆடம்பர ஓட்டம்’ என்ற பொருளில் பெயர் வைத்தார். இந்த வாரங்களில் ஏடிசி எண்ணும் தற்காலிகமாகச் சரியாகத் தெரியும். இரண்டாம், மூன்றாம் வாரத்தில் சிடியிலும் சேதம் மங்கி மறையும். குணமாகிவிட்டது என்று குடும்பத்திடம் சொல்லிவிடாதீர்கள்.

அனியூரிசம் (தமனிச் சுவரில் பலூன் போல வீங்கிய இடம்) வெடித்து வந்த கசிவில் கதை வேறு. அங்கே 4-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாள் வரை தமனிகள் சுருங்கும் ஆபத்து. தினமும் சிடிக்குத் தூக்கிப் போக முடியாது என்பதால், படுக்கையிலேயே மண்டைக்கு வெளியிலிருந்து, ஒலி அலையால் ரத்தத்தின் வேகத்தை அளக்கும் டாப்ளர் பார்ப்பார்கள். ரூனே ஆஸ்லிட் 1982-ல் அறிமுகப்படுத்திய முறை. நடுப் பெருமூளைத் தமனியில் சராசரி வேகம் வினாடிக்கு 120 செ.மீ. தாண்டி, கழுத்துக் கரோட்டிட் வேகத்தைப் போல 3 மடங்குக்கு மேல் இருந்தால் சுருக்கம். 6 மடங்கைத் தாண்டினால் கடுமை. அந்த விகிதம் ஏன் வேண்டும்? காய்ச்சலிலும் ரத்தசோகையிலும் எல்லாக் குழாய்களிலும் வேகம் கூடும். அப்போது விகிதம் மாறாது.

மாதங்கள் கழித்து

இப்போது கேள்வி மாறிவிடுகிறது: குழாய்கள் விரிய இன்னும் இடம் மிச்சம் இருக்கிறதா? மூளைக் குழாய்களை விரிக்கும் அசெட்டசோலமைடு ஊசிக்கு முன்னும் பின்னும் ஓட்டத்தை அளந்தால் தெரியும். நல்ல பகுதியில் ஓட்டம் ஏறும். ஏற்கெனவே முழுக்க விரிந்துவிட்ட பகுதியில் ஏறாது, சில சமயம் பக்கத்துப் பகுதி ரத்தத்தைப் பறித்துக்கொண்டு இறங்கவும் செய்யும். இன்னும் ஒரு படி ஆழமாகப் பார்க்க, கதிரியக்கப் பொருளை உடலுக்குள் செலுத்தி எடுக்கும் பெட் ஸ்கேன்: ஆக்சிஜன் 15 கலந்த தண்ணீரைக் கொண்டு ஓட்டத்தையும், அதே ஐசோடோப்பைச் சேர்த்த ஆக்சிஜன் வாயுவைக் கொண்டு, வரும் ஆக்சிஜனில் எவ்வளவை மூளை உறிஞ்சுகிறது என்பதையும் அளக்கலாம். ஓட்ட அளவீட்டில் இதுதான் உரைகல். ஆனால் அந்த ஐசோடோப்பின் அரை ஆயுள் சுமார் 2 நிமிடம். அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் இயந்திரம் பக்கத்திலேயே வேண்டும்.

இவ்வளவு துல்லியமாக அளந்தாலும் சிகிச்சை தானாக வந்துவிடாது. கரோட்டிட் முழுக்க அடைபட்டு, ஆக்சிஜன் உறிஞ்சல் கூடியவர்களைப் பெட் ஸ்கேனில் தேர்ந்தெடுத்து, மண்டைக்கு வெளியே உள்ள தமனியை உள்ளே இணைக்கும் அறுவை சிகிச்சையைச் செய்து பார்த்த ஆய்வின் முடிவு 2011-ல் வந்தது. ஓட்டம் மேம்பட்டது, இரண்டு ஆண்டில் பக்கவாதம் வந்தவர்களின் விகிதம் இரண்டு குழுக்களிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது.

இந்தக் கட்டப் படங்களில் சிறுமூளையைப் பார்க்க மறக்காதீர்கள். இடது பெருமூளையில் பெரிய சேதம் இருந்தால் வலது சிறுமூளையில் ஓட்டம் குறைந்திருக்கும். அங்கே புதிய அடைப்பு ஒன்றும் இல்லை. மேலிருந்து வரும் நரம்புத் தொடர்பு அறுந்ததால் வேலை குறைந்து, வேலைக்கேற்ப ரத்தமும் குறைந்திருக்கிறது.

முந்தைய ஸ்கேனோடு ஒப்பிடுவதாக இருந்தால் அதே இயந்திரம், அதே முறை, ஏஎஸ்எல் என்றால் அதே காத்திருப்பு நேரம் என்று எடுங்கள். ஹீமோகுளோபினை ரிப்போர்ட் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள், ரத்தசோகையில் ஓட்டம் தானாகக் கூடும். அப்புறம், வரும் வழியில் காபி குடித்தாரா என்று கேளுங்கள். காஃபீன் மூளை ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். போன முறை குடிக்காமல் வந்து இந்த முறை குடித்துவிட்டு வந்தவரின் படத்தில் தெரியும் இறக்கத்துக்குக் காரணம் தமனியாக இல்லாமல் போகலாம்.